இருபத்திரண்டு விநாடி பெல்லி டான்ஸ்

பெல்லி டான்ஸ் கற்றுக்கொள்வதில் கஷ்டம் இடுப்பில் இல்லை, "இந்த நேரத்துக்கு எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில் இருக்கிறது. நாற்பதுக்கு மேல் ஏதாவது ஒரு வகுப்பில் சேர்ந்து, அதை வீட்டில் சொல்லாமல் மறைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சேர்ந்த காரணம்

என் கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. நாலு வருஷம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் அதே அலுவலகத்தில் எனக்கு வேலை கொடுத்தார்கள். டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நானும், காலேஜில் படிக்கும் மகன் கார்த்திக்கும் மட்டும். நாள் முழுக்க ஃபைலுக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டது. சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் யோகா சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டு, ஆபீஸ் விட்டதும் போனேன்.

யோகா டீச்சர் வேலையை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த அறையில் ரஷ்மி என்ற பெண் பெல்லி டான்ஸ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புதன், வெள்ளி சாயங்காலம் ஆறு மணி. என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். அப்படியே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் படியிறங்கினால் வீடு, வீட்டில் அந்த நேரத்துக்கு யாரும் இல்லை. படிவத்தை வாங்கி, சேரும் காரணம் என்ற இடத்தில் 'முதுகு வலி' என்று எழுதினேன். ரஷ்மி அதைப் படித்துவிட்டு இந்தியில் சொன்னாள்: "எல்லாரும் இதைத்தான் எழுதறாங்க."

வயிறு

முதல் பாடம் ஆடுவது இல்லை, வயிற்றைத் தளர்த்துவது. வயசுக்கு வந்த நாளிலிருந்து வயிற்றை உள்ளே இழுத்து, தோளைக் குறுக்கி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டே நடந்தவள் நான். கண்ணாடி முன்னால் நிறுத்தி "விடுங்க, விடுங்க" என்று ரஷ்மி சொல்லச் சொல்ல, எனக்கு விடத் தெரியவில்லை.

மூன்றாவது வகுப்பில் எப்படியோ விட்டது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. அவர் இறந்த அன்றுகூட, ஊரிலிருந்து வந்தவர்களுக்கு எங்கே பாய் போடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அழவில்லை. இங்கே ஏழு பேருக்கு நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பம்மி ஆன்ட்டி, அறுபது வயசு தாண்டிய பஞ்சாபி அம்மாள், தன் துப்பட்டா நுனியை என் பக்கம் நீட்டினார். "துடைச்சுக்கோ. போன மாசம் என் முறை."

பை சோதனை

இடுப்பில் கட்டிக்கொள்ள, வரிசையாகக் காசு தொங்கும் துணி ஒன்று உண்டு. சரியாக அசைந்தால் சத்தம் வரும், தப்பாக அசைந்தால் இன்னும் அதிகமாக வரும். வீட்டில் வைக்கப் பயந்து, டிபன் பாக்ஸுக்கு அடியில் மடித்து வைத்து ஆபீஸுக்கே கொண்டுபோவேன். ஒரு புதன்கிழமை வாசலில் பையைச் சோதிக்கும் பெண் அதை வெளியே இழுத்துத் தூக்கிப் பிடித்துவிட்டாள். பின்னால் வரிசையில் எங்கள் செக்‌ஷனே நின்றது. "சாமிக்கு" என்றேன், வாயில் வந்ததை. அவள் ஒரு தடவை குலுக்கிப் பார்த்தாள். "எந்த சாமி மேடம் இவ்வளவு சத்தம் கேக்குது?"

ஜன்னல்

ஐந்தாவது மாதம், மே வெயில். கூலர் கெட்டுப்போய் ஜன்னலைத் திறந்து வைத்து ஆடினோம். எதிர் மாடியிலிருந்து யாரோ போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. இருபத்திரண்டு விநாடிதான். எங்கள் குவார்ட்டர்ஸ் வாட்ஸப் குழுவுக்கு அது வந்து சேர்ந்தபோது கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். ஒருத்தர் மட்டும் மெனக்கெட்டு என் பெயரையும் வீட்டு நம்பரையும் எழுதியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கார்த்திக் வெளியிலிருந்து வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான். "மம்மி, யே தும் ஹோ?" ஆமாம், நான்தான் என்று தலையாட்டினேன். அந்தப் படத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் அதைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தான். இங்கேயே பிறந்தவன், கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் வராது. அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துத் தமிழிலேயே கேட்டான்: "அப்பா செத்தது உனக்கு சந்தோஷமா?"

திறந்த கதவு

திங்கட்கிழமை எங்கள் அதிகாரி கூப்பிட்டார். தஞ்சாவூர்க்காரர், நல்ல மனுஷர், என் கணவர் போனபோது நிகம்போத் காட் சுடுகாடு வரைக்கும் வந்தவர். உட்காரச் சொன்னார். ஆனால் அறைக் கதவைத் திறந்தே வைத்தார். அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. வீடியோ பற்றிப் புகார் எதுவும் வரவில்லை, விதிப்படி நடவடிக்கை எடுக்கவும் இடமில்லை, ஒரு அண்ணன் மாதிரி சொல்கிறேன் என்றார்.

"ஆபீஸ் நேரத்துக்கு அப்புறம்தான் சார் போறேன்" என்றேன்.

அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "அதில்லேம்மா விஜயா. கருணை அடிப்படையில வேலைக்கு வந்தவங்க, பார்க்கறவங்களுக்குக் கொஞ்சம் கருணை வர்ற மாதிரி இருக்கணும்."

பம்மி ஆன்ட்டி வீட்டு ஹால்

அந்த வாரமே மாடியின் சொந்தக்காரர் பூட்டுப் போட்டுவிட்டார். ஏழு பேர் மூன்று பேரானோம். பம்மி ஆன்ட்டி தன் வீட்டு ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார். ஞாயிறு காலை பதினொரு மணி, திரையை இழுத்து மூடிக்கொண்டு. நான் நாலு வாரம் போகவில்லை. ஐந்தாவது வாரம், காரணம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாமலே, போனேன். கார்த்திக் இப்போது பேசுகிறான். சாவி, சாப்பாடு, கரண்ட் பில், அவ்வளவுதான். நான் கிளம்பும்போது தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

ஹாலுக்கு அடுத்த அறையில் ஆன்ட்டியின் கணவர் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அங்கிள் ஒண்ணும் சொல்லலியா?" என்று மெதுவாகக் கேட்டேன். ஆன்ட்டி முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சொன்னார். வெட்கம் கெட்டவளேன்னார். எட்டு வருஷத்துல என்கிட்ட நேரா பேசின முதல் பேச்சு."

மொத்தத்தில், இத்தனை மாதப் பயிற்சியில் என் இடுப்பு ஒரு அங்குலம் நகர்ந்திருக்கிறது, டில்லியில் மற்றது எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.