கால் தெரியாத படம்

என் மேசையில் இருக்கும் புகைப்படத்தில் நானும் ஃபோர்மேன் அண்ணனும் முழங்கால் வரைதான் இருக்கிறோம். பின்னால் பனிமூட்டத்துக்குள் பாதி மறைந்த மணிக்கூண்டு, செங்குத்தான ஓட்டுக் கூரைகள். கீழ்ப்பகுதியைக் கத்தரித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தவர் அண்ணன்தான்.

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலை. நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அவர் அரவை இயந்திரங்களுக்குப் பொறுப்பு. புது இயந்திரத்தைப் பழகிவர எங்கள் இருவரையும் ஐந்து நாள் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை; பாதி நாள் ஓய்வு கிடைத்தது. ரயிலேறி ஒரு பழைய நகரத்துக்குப் போனோம். ஈரக் கல் பாவிய சந்துகள், மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வீடுகள், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாத மணியோசை. விழித்துக்கொண்டே தூங்குவதுபோல நடந்தேன். அண்ணன் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தபடி வந்தார். “சுண்ணாம்புக் கல்லுதான் மேடம். நம்ம சுரங்கத்துல வர்ற மாதிரியே நத்தைக்கூடு பதிஞ்சிருக்கு பாருங்க” என்றார். அவ்வளவு தூரம் வந்து சொந்த ஊரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில்.

பெரிய தேவாலயத்தின் வாசலில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சிக் கோயிலில் விடுவதைப் போலவே ஓரமாகச் சேர்த்து வைத்தார். “இங்க யாரும் கழட்டறதில்லண்ணே” என்றேன். “சாமி இருக்கிற எடம். மனசு வரல மேடம்” என்றார். வெளியே வந்தபோது ஷூ இல்லை. யாரோ கேட்பாரற்ற பொருளென்று எடுத்துப்போயிருக்க வேண்டும். கேட்க ஆளில்லை, கடைகளும் அடைப்பு. அண்ணன் பேன்ட்டைக் கொஞ்சம் மடித்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். அந்தக் குளிரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டேன். சதுக்கத்தில் ஒரு பெண்மணி அவரைக் காட்டி, உங்களோடு வந்தவரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அண்ணன் நாலடி பின்னால்தான் நின்றிருந்தார். அதைவிடக் கேவலமான காரியம் எதையும் நான் செய்ததில்லை.

அவர் அந்தப் பெண்மணியிடமே தன் கைபேசியை நீட்டினார். “வாங்க மேடம், ஒரு போட்டோ” என்று என் பக்கத்தில் வந்து நின்றார்.

அவருடைய பணி ஓய்வு நாளில் இந்தக் கதையை ஆலை முழுக்கச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். “மேடமும் ஷூவக் கழட்டிட்டு ஸ்டேஷன் வரைக்கும் என்கூடவே வெறுங்காலோட நடந்தாங்க” என்று முடித்து, இந்தப் படத்தை என் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் அண்ணன் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி, “நீங்கதான அவரோட வெறுங்காலோட நடந்தவங்க?” என்றார். இந்தத் தடவை என்னால் மறைக்க முடியவில்லை. “இல்லக்கா. நான் ஷூ போட்டிருந்தேன். அவரத் தெரியாதுன்னு வேற சொல்லிட்டேன்” என்றேன். அக்கா கையை விடவில்லை.

“காலெல்லாம் தெரியற முழுப் படம் எங்க வூட்லதான் இருக்கு” என்றார். “அத யாருக்கும் காட்டிறாதன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.”

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தேன். சட்டத்தின் கீழ்விளிம்பில் கத்தரி நூல் பிடித்ததுபோல நேராக ஓடியிருந்தது.