ரசப் பாத்திரத்தில் ஒரு ஃபவுண்டரி

நீளமான பின்னலைச் சுருட்டி ஒரு பழுப்புத் தொப்பிக்குள் திணித்துவிட்டு, "இப்பப் பார்த்தா பையன் மாதிரி இருக்கறனா தம்பி?" என்று அக்கா கேட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. பையன் மாதிரியெல்லாம் இல்லை. தொப்பி போட்ட கோயம்புத்தூர் அக்கா மாதிரிதான் இருந்தார். இருந்தாலும் உயிர்மேல் ஆசை இருந்ததால், "அசல் பையன்தான்க்கா" என்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த கல்யாணமாகாத ஆள். கீழ் வீட்டில் அக்காவும் அவர் கணவரும். அவரை நான் மாமா என்பேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். அக்கா ஊரில் பாலிடெக்னிக் முடித்து, ஃபவுண்டரியில் இரும்பு வார்க்கும் வேலை பார்த்தவர். மாமாவின் விசாவில் இங்கே வந்ததால் வேலைக்குப் போக அனுமதியில்லை. கிரீன் கார்டு வந்தால்தான் போகலாம். மாமாவோ கம்பெனி மாறிக்கொண்டே இருந்தார். மாறும்போதெல்லாம் அந்த விண்ணப்பம் பழையபடி முதலிலிருந்து தொடங்கும். அப்போதும் ஒரு புது ஆஃபர் அவர் கையில் இருந்தது. "சம்பளம் நல்லா இருக்குது, கார்டுக்கு இப்ப என்ன அவசரம்?" என்பார். அக்கா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவார்.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் அவருக்குக் கிடைத்தது. விக்டோரியா ராணி காலத்தில் உருக்கு செய்யப் புது வழி கண்ட ஓர் ஆங்கிலேயரின் கதை. அந்த மனிதர் கல்லூரிப் பக்கமே போகாதவர். அப்பா அச்செழுத்து வார்க்கும் பட்டறை வைத்திருந்தார். களிமண்ணில் அச்சு செய்து விளையாடியே பையன் தொழிலைப் பழகிக்கொண்டான். உலோகம் உருக்கும் நாளில் புகை உடம்புக்கு ஆகாதென்று அவனை உள்ளே விடமாட்டார்கள். அவன் திருட்டுத்தனமாகப் போய் நின்று பார்ப்பான். இந்த இடத்தை அக்கா எனக்கு எத்தனை முறை வாசித்துக் காட்டினாரோ! பிறகு, தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இதை நாடகமாகப் போட்டே தீருவேன் என்று நின்றார்.

கமிட்டிக்காரர்கள் நெளிந்தார்கள். "யாருன்னே தெரியாத வெள்ளைக்காரன் கதை எதுக்கும்மா? ஒரு காமெடி ஸ்கிட் பண்ணுங்களேன், ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கோணும்னா செயலாளர் பேச்சு இருக்குதுங்களே" என்றார் அக்கா. நாடகத்துக்கு இடம் கிடைத்தது, கடைசி நிகழ்ச்சியாக. பையன் வேடம் அவருக்கு. ஒட்டு மீசையோடு அப்பா வேடம் எனக்கு.

வாடகைக்கு எடுத்த பள்ளி அரங்கத்தில் விழா மதியம் தொடங்குவதாக இருந்தது. சிறப்பு விருந்தினர் வந்துதான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். அவரோ ஃப்ரீவேயில் வழி தவறியிருந்தார். வந்த பிறகு பொன்னாடை. விருந்தினருக்கு, ஸ்பான்சர்களுக்கு, போன வருடத் தலைவருக்கு, பொன்னாடை வாங்கி வந்தவருக்கு. எங்கள் முறை வந்தபோது, வாடகை நேரம் முடிந்துவிட்டதென்று பள்ளிக் காவலர் சாவிக்கொத்தோடு மேடையேறி விளக்கை அணைத்தார். "அடுத்த ஃபங்ஷன்ல பாத்துக்கலாம்மா" என்றார் செயலாளர். கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பாய்ந்தது.

அக்கா தொப்பியைக் கழற்றவில்லை. "வா தம்பி" என்று விறுவிறுவென்று நடந்தார். தட்டோடு எல்லாரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வரிசையை விட்டு யாரும் அசைய மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆவி பறக்கும் ரசப் பாத்திரத்தின் முன்னால் போய் நின்று குரலை உயர்த்தினார்: "சாப்பிடறது வாய்தானுங்களே, காது சும்மாதான இருக்குது? கேளுங்க!"

நாடகம் தொடங்கிவிட்டது. நீளக் கரண்டியில் ரசத்தை மொண்டு, உயரத்திலிருந்து கம்பிபோல் இழை அறாமல் ஒரு டம்ளரில் ஊற்றினார். "விட்டு விட்டு ஊத்துனா வார்ப்புல கோடு விழுந்துரும். கை நடுங்கக் கூடாது." நடுங்கவில்லை. ரசம் கேட்டு நின்ற குழந்தைகள்கூட வாய் பிளந்து பார்த்தார்கள். நான் மீசையைப் பிடித்துக்கொண்டு என் வசனத்தைச் சொன்னேன்: "இங்கே நிற்காதே, வெளியே போ!"

ஒத்திகையில் அந்த இடத்தில் பையன் தலைகுனிந்து வெளியே போவான். அக்கா போகவில்லை. கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன.

"வெளிய போயி என்னங்கப்பா பண்றது? எனக்குத் தெரிஞ்ச வேலை உள்ளதானுங்களே இருக்குது."

எழுதிவைத்த வசனத்தில் அது இல்லை. வரிசையில் நின்ற மாமா, தட்டை மேஜையில் வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தட்டியவர்களில் அவர் இல்லை.

மறுநாள் காலை பார்க்கிங்கில் காரைத் துடைத்துக்கொண்டே மாமா என்னிடம் சொன்னார்: "அந்த ஆஃபரை வேண்டாம்னுட்டேன்ப்பா. கார்டு வர்ற வரைக்கும் இந்தக் கம்பெனியிலயேதான்."

கார்டு வர வருடங்கள் ஆயின. வந்த பிறகு அவர்கள் டெக்சாஸுக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு ஃபவுண்டரியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. இப்போது அவருக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னும் ஓய்வு பெறவில்லை. போன வாரம் பொங்கல் வாழ்த்துச் சொல்ல, வேலை நேரம் என்று தெரியாமல் அழைத்துவிட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். அதற்கு மேல் அக்கா கத்தினார்:

"ஊத்தற நேரம் தம்பி, போனை வெய்யி!"