ஆறு பேர் உட்காரும் கூடத்துக்கு ஒரு ரிசீவர்

அண்ணன் குவைத்தில் வண்டி ஓட்டிச் சம்பாதித்த காசில் புத்தூர் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வீடு கட்டினான். கூடம் மட்டுமே இருபதடிக்குப் பதினைந்தடி. தரைக்கு கிரானைட், சுவருக்கு இரண்டு வண்ணம். வீடு முடிந்த வருடமே அண்ணி பிள்ளைகள் இரண்டையும் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிறேன் என்று சித்தூரில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் கூடப் போனாள். புது வீட்டைப் பூட்டிப் போடக் கூடாது, பொழுது சாய்ந்தால் உள்ளே விளக்கு எரிய வேண்டும் என்று என்னை அதில் வைத்துவிட்டுப் போனார்கள். பத்தாவதில் இங்கிலீஷில் தவறியவனுக்கு இங்கிலீஷ் மீடியம் இருக்கிற ஊரில் என்ன வேலை?

பகலில் டிராக்டர் ஓட்டப் போவேன். வேலை முடிந்து வந்து கூடத்தில் ஒரு தும்மல் போட்டால் நான்கு சுவரும் சேர்ந்து தும்மும். "நூறு ஆயுசு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதையும் சுவர் திருப்பிச் சொல்லும். அந்த வீட்டில் என்னோடு பேச்சுக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அண்ணனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவு. போன முறை வந்தபோது தன் சொந்த வீட்டில் அவன் தங்கியது இரண்டே நாள். அதில் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டி ரிப்பேருக்குப் போயிற்று. இந்த முறை அவன் போன் செய்தபோது கேட்டேவிட்டேன்.

"ணா, இந்த வாட்டி எல்லாரும் இங்க வந்து இருங்களேன்."

"புள்ளைங்க வர மாட்டேங்குதுங்கடா. அங்க இன்னா கீது, சித்தப்பா மூஞ்சிதான் கீதுன்னுதுங்க."

"என் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்? ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி வெச்சா என் மூஞ்சிய பாக்கவே வாணாமே. படம் பாத்துகினு இருக்கட்டும்."

அண்ணன் சிரித்தான். "சரி, வாங்கு. கையக் கடிக்காம வாங்கு. புள்ளைங்க இருந்தா நானும் இருந்துடுவேன்."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் கடை கடையாக அலைந்தேன். பிள்ளைகள் தங்கினால் அண்ணன் தங்குவான். அண்ணன் தங்கினால் அண்ணியும் அம்மாவும் தங்குவார்கள். நாற்பது நாள் அந்தக் கூடத்தில் வேறு குரல்கள் கேட்கும்.

முதலில் சித்தூரில் ஒரு பெரிய கடை. அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் டிவிடி பிளேயர், அதோடு தீப்பெட்டி அளவில் ஐந்து ஸ்பீக்கர். பெட்டி மேல் ஆயிரம் வாட் என்று போட்டிருந்தது. "அண்ணா, இத போட்டா எங்க ஊரு டிரான்ஸ்பார்மர் வெடிச்சிடுமே" என்றேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. அப்புறம் அதே ஊரில் ஒரு மெக்கானிக். தானே ஆம்ப்ளிஃபையர் செய்து விற்கிறவர். முகப்பில் சிவப்பும் நீலமுமாக அத்தனை விளக்கு. திருவிழா சீரியல் செட்டு வேண்டுமானால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

மூன்றாவதாகத்தான் திருப்பதியில் அந்தப் பெரியவர் கடை. பழைய ஜப்பான் சாமான்களை வாங்கித் தட்டிக்கொட்டி விற்கிறவர். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். ரிசீவர் என்றால் என்ன என்று அவர்தான் எனக்குப் புரிய வைத்தார். டிவிடியிலிருந்து வருகிற சத்தத்தைப் பிரித்து, இது முன்னால், இது பின்னால், பேச்செல்லாம் நடுவில் என்று ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு வைக்கிற பெட்டி. பங்காளிச் சண்டை வராமல் பங்கு வைக்கிற ஒரே ஆள் உலகத்தில் இதுதான் போல என்றேன்.

"வாட்டு எழுதினத நம்பாத பாபு. ரெண்டு கையில தூக்கிப் பாரு" என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார்.

தூக்கினேன். அரிசி மூட்டை மாதிரி கனத்தது.

"உள்ள டிரான்ஸ்பார்மர் பெருசு. கனமா இருக்கறதுதான் உழைக்கும். ரிமோட்டு வேற கம்பெனிது, ஆனா வேல செய்யும். ரூம் எவ்ளோ? எத்தன பேரு உக்காருவீங்க?"

"ஆறு பேரு" என்றேன். அது பொய் இல்லை. ரேஷன் கார்டில் ஆறு பேர்தான்.

"சத்தம் வெச்சுக் காட்டுங்க" என்றதும் ஒரு படத்தைப் போட்டார். நான் எழுந்து கடையை விட்டு வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் போனேன். அங்கிருந்து பஸ் நிற்கிற இடம் வரை நடந்தேன். எங்கள் ஊரில் அம்மன் ஜாத்திரைக்கு சவுண்டு செட்டு அமர்த்தும்போது அப்படித்தான் சோதிப்போம். பாட்டைப் போட்டுவிட்டு ஒருவன் நடந்துகொண்டே போவான். ஏரிக்கரை வரை கேட்டால்தான் அட்வான்ஸ்.

பெரியவர் பின்னாலேயே ஓடி வந்தார். "ஏமய்யா, எக்கடிக்கி போத்தாவு, எங்க போற? நடுவுல உக்காந்து கேக்கறதுய்யா அது!"

"இல்லண்ணா, எவ்ளோ தூரம் கேக்குதுன்னு பாக்கறேன்."

"ரோட்டுல போறவனுக்கா வாங்கற? வீட்டுல இருக்கறவங்களுக்கு வாங்கு!"

என்னைத் தோளைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார். படத்தில் ஒரு பெண் எனக்கு முதுகுப்பக்கமாக நடந்து வந்தாள். கொலுசுச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. அந்தப் பெட்டியையே வாங்கினேன், கூடவே ஐந்து ஸ்பீக்கர், டிவிடி பிளேயர், ஒரு பழைய டிவி.

ஒரு வாரத்தில் பொருத்திக் கொடுக்கப் பெரியவரே ஷேர் ஆட்டோவில் சாமானோடு வந்தார். வயரெல்லாம் இழுத்து முடித்துப் போட்டால், கடையில் தெளிவாகப் பேசிய பெட்டி எங்கள் கூடத்தில் கிணற்றுக்குள்ளிருந்து பேசியது. அவர் சுற்றிலும் பார்த்தார். ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கொடியில் என் லுங்கி.

"ஆறு பேருன்னியே பாபு. எங்க?"

"வராங்க. அடுத்த மாசம்."

"வரட்டும். வந்தா சரியாப் பூடும். கிரானைட்டு, வெறும் செவுரு, சத்தம் பந்தாட்டம் குதிக்கிது. மனுசங்க உக்காந்தா அவங்க ஒடம்பு பாதி சத்தத்தக் குடிச்சிடும்."

"நான் ஒருத்தன் எவ்ளோண்ணா குடிப்பேன்?"

அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். கூலி வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார். கிண்டல் பண்ணினால் திட்டுகிறவர்களைத்தான் எனக்குப் பழக்கம்.

அண்ணன் வருகிற வரைக்கும் அந்தக் கூடத்தோடு மல்லுக்கட்டினேன். ஜன்னலில் அம்மாவின் பழைய புடவைகளைக் கட்டினேன். மெத்தையைச் சுவரில் சாய்த்தேன். பந்தல்காரனிடம் ஐந்து நாற்காலி கேட்டு வாங்கி, மொத்தம் ஆறாகப் போட்டு ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "காது போவுதுடா, கொறைடா" என்றேன். அண்ணி நாற்காலியிலிருந்து, "கரண்டு பில்லு யாரு கட்டறது?" என்றேன். பிள்ளைகளில் பெரியவன் இடத்தில் உட்கார்ந்து, "சண்ட படம் போடு" என்றேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபோது மட்டும் என்ன பேசுவான் என்று தோன்றவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறவன் என்ன பேசுவான் என்று யாருக்குத் தெரியும்?

வந்தார்கள். ஆறு பேரும் உட்கார்ந்தோம். பெரியவர் சொன்னது நிஜம். எதிரொலி போன இடம் தெரியவில்லை. முதல் சண்டைக் காட்சியில் சின்னவள் பயந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். அண்ணன் தினமும் பக்கத்துத் தெருவிலிருந்து யாரையாவது கூட்டி வந்து, "தம்பி செலக்சன்" என்று காட்டினான். அம்மா கறி செய்து, கூடத்திலேயே சாப்பிடப் போட்டாள். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் தும்மியபோதெல்லாம் யாராவது ஒருவர் நூறு ஆயுசு சொன்னார்கள்.

பத்தாம் நாள் காலையில் அண்ணி, பிள்ளைகளுக்கு டியூஷன் தவறிப் போய்விடும் என்றாள். பைகள் வாசலுக்கு வந்தன. அண்ணன் ரிசீவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"டேய், சூப்பரா எடுத்துக் குட்த்தடா. புள்ளைங்க இத்த உட்டுட்டு வர மாட்டேன்னு அழுவுதுங்க. சித்தூருக்கு எடுத்துகினு போய்டலாமா? இங்க நீ ஒருத்தன்தானே."

சுமாரான பெட்டியாகப் பார்த்து வாங்கியிருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

"எடுத்துகினு போணா. ஒயர மாத்தி சொருவினா சொர்ருன்னு பூடும். நானே வந்து ஃபிட் பண்றேன்" என்றேன்.

சித்தூரில் அவர்கள் வீட்டு ஹால் எங்கள் கூடத்தில் பாதிகூட இல்லை. சோபா, துணி மூட்டை, பிள்ளைகளின் பை, புத்தகம் என்று கால் வைக்க இடமில்லை. பெட்டியைப் போட்டேன். கடையில் கேட்டதைவிட நன்றாகக் கேட்டது. சோபாவில் ஐந்து பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் வயர்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரன் வந்தா நான்தான் வெச்சேன்னு சொல்லாதீங்க" என்று சொல்லிப் பஸ்ஸைப் பிடித்தேன். அண்ணன் மிச்ச லீவை அங்கேயே கழித்துவிட்டு விமானம் ஏறினான்.

அவன் போன ஒரு மாதத்தில் அண்ணியிடமிருந்து போன் வந்தது. அவளாக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, பாட்டு வருது, பேச்சு வரல. நடு ஸ்பீக்கர் ஊமையாய்டுச்சி."

பிள்ளைகள் ரிமோட்டில் எதையோ அழுத்தியிருப்பார்கள். மேல் வரிசையில் மூன்றாவது பட்டனை ஒரு தரம் அழுத்தினால் போதும்.

"சுவிட்ச அணைச்சுட்டு அரை மணி நேரம் ஆற வைங்க அண்ணி. அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க" என்றேன்.

அரை மணி நேரம் கழித்துச் சின்னவள் பேசினாள். பள்ளிக்கூடத்தில் மிஸ் அடித்ததைச் சொன்னாள். அவளை ஸ்பீக்கரின் பின்பக்கத்தைத் துடைக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அம்மா பேசினாள்.

"இன்னாடா, இன்னும் பேசல அது. நீ துன்னியா?"

"துன்னேம்மா. கத்திரிக்கா கொழம்பு வெச்சேன்."

"உப்பு போட்டியா, மறந்தியா?"

உப்பு, புளி, மாடிக் கதவு, எங்கள் தெருவில் நடந்த கல்யாணம் என்று கேட்டுக்கொண்டே போனாள். கடைசியாகத்தான் ஞாபகம் வந்தவள் மாதிரி ஸ்பீக்கரைக் கேட்டாள்.

"அது கொஞ்சம் பெரிய கம்ப்ளெய்ண்டும்மா. நாளைக்கி போன் பண்ணு, சொல்றேன்" என்றேன்.