பன்றிக்கு வாசிக்கும் கிட்டார்

காலை ஏழரைக்கு முள்ளுக்குறிச்சியில் இறங்கினேன். டீ பதினைந்து ரூபாய். கொல்லிமலைக்கு அன்னாசி ஏற்றப் போகும் சின்ன லாரியில் ஐம்பது ரூபாய்க்கு இடம் கிடைத்தது. சேலத்தில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துப் பிழைக்கிறவன் நான். அந்த மலைமேல் பைல் நாட்டில் சடையன் என்ற விவசாயி கையில் அகப்பட்டதையெல்லாம் கிட்டார் ஆக்குகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பினேன். ஓட்டுநரிடம் பெயரைச் சொன்னேன்.

"சடையண்ணன் ஊடுங்களா? பன்னிக்கு வாசிப்பாரே, அவருதானுங்க?" என்றார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன்.

பத்து மணிக்கு இறக்கிவிட்டார். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் நடை. மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்த எனக்குச் சடையனின் மனைவி வெள்ளையம்மாள் மோர் கொடுத்தார். ஓட்டுநர் சொன்னது கிண்டல் இல்லை என்று அங்கேதான் தெரிந்தது.

பொழுது சாய்ந்ததும் காட்டுப்பன்றிகள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டில் இறங்கிவிடுகின்றன. தகரம் தட்டினால் சில நாள் ஓடும், அப்புறம் பழகிவிடும். வெடி போட்டாலும் அப்படித்தான். ஆகவே புதிய சத்தம் வேண்டும். அதுவும் பழகிப்போனால் இன்னொன்று. சுவரில் தொங்கியவை எல்லாம் பன்றிகளுக்குப் பழகிப்போன கிட்டார்கள். போன வருடம் பாதிக் கிழங்கு போயிற்று. இந்த வருடமும் போனால் மலையிறங்கிக் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்றார் வெள்ளையம்மாள்.

அந்தச் சுவரை நான் எப்படிச் சொல்வேன்! என்ஜின் ஆயில் டின்னில் ஒன்று. பலாக்கட்டையைக் குடைந்து ஒன்று. பிளாஸ்டிக் குடத்தைப் பாதியாக அறுத்து ஒன்று. பைக் பிரேக் கேபிளைப் பிரித்தெடுத்த இழைகள்தான் கம்பிகள். கம்பியின் அதிர்வைப் பிடிக்க, உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தில் எரிந்துபோன மின்விசிறியின் செப்புக் கம்பியைச் சுற்றியிருந்தார். ஆம்ப்ளிஃபயரோ, முதுகில் மாட்டிக்கொள்ளும் மருந்தடிக்கும் டேங்க்! அதன் பேட்டரியே மின்சாரம், உள்ளே பழைய ரேடியோவின் சர்க்யூட், டேங்கின் வாயிலே ஸ்பீக்கர். மருந்தின் வேகத்தைக் கூட்டும் திருகுதான் சத்தத்தையும் கூட்டியது. மேடை மேடையாக வாசித்தவன், ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மத்தியானம் முழுக்கச் சடையன் புதுக் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். பழைய பிரஷர் குக்கரில் செய்தது. காதை வைத்துக் கேட்பதும் கம்பியை முறுக்கும் போல்ட்டைத் திருகுவதுமாக இருந்தார். ஒருமுறை வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தபோது சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

மாலை ஆறே காலுக்கு மூவரும் காட்டோரம் போனோம். எட்டுப் பத்துப் பன்றிகள் வந்தன. சடையன் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கம்பிகளை மீட்டினார். குக்கரிலிருந்து அப்படியொரு இனிமை வரும் என்று நான் நினைக்கவில்லை. பன்றிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கிழங்கைத் தோண்டின.

"ஏனுங்க, மறுக்காச் சுதி சேத்துப்போட்டீங்களா?" என்றார் வெள்ளையம்மாள். "எத்தனை கிட்டாரு செஞ்சாலும் ஒரே சுதியச் சேத்தா, பன்னிக்கு எல்லாம் ஒண்ணுதானுங்க."

"கோணலாக் கேக்க மனசு வரலை புள்ள," என்றார் சடையன், தரையைப் பார்த்தபடி.

வெள்ளையம்மாள் இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை எடுத்தார். ஆளைத் தெரிந்து கொண்டுவந்திருக்கிறார்! மளமளவென்று எல்லா போல்ட்டையும் தளர்த்தினார், டேங்கின் திருகைக் கடைசிவரை திருப்பினார், கம்பிகளின்மேல் ஓங்கி ஓர் அடி அடித்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பன்றிகள் போன திசை தெரியவில்லை.

வீடு திரும்பியதும் அடுப்பை மூட்டிவிட்டு அந்த ஸ்பேனரைக் கணவரிடம் நீட்டினார்.

"இப்பச் சேருங்க. பன்னிதான் போயிருச்சே, நான் கேக்கறேன்."

அவர் சுதி சேர்த்து வாசித்தார். அடுப்பெதிரே அசையாமல் உட்கார்ந்து வெள்ளையம்மாள் கேட்டார். எனக்குக் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன. கல்யாண மேடையில் நான் வாசிக்கும்போது முதல் வரிசையிலேயே பந்திக்கு எழுந்து போவார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு விடைபெற்றேன். வாசலில் வெள்ளையம்மாள் குக்கர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைய மாலைக்காக ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்திக்கொண்டிருந்தார்.