மூன்று ஊர்களில் ஒரு கல்யாணப் படம்

மாத்தளை டவுனில் டைப்பிங்கும் போட்டோ கொப்பியுமாகக் கடை நடத்திய சுந்தரலிங்கம், எதையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் அல்ல. கிறுக்கு என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் எண்பத்துமூன்று கலவரத்தில் வீடு எரிந்தபோது பிறப்புச் சான்றிதழ் முதல் கல்யாண ஆல்பம் வரை எல்லாவற்றையும் பறிகொடுத்த மனிதரிடம் அப்படிச் சொல்ல நமக்கு வாய் வராது.

மிஞ்சியது ஒரேயொரு கல்யாணப் படம். எல்கடுவ தோட்டத்து லயத்தில், மச்சினிச்சி புஷ்பவதி வீட்டுச் சுவரில் தொங்கியது. அதை ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கையோடு, அடுத்த மழைக்காலத்தில் அசலைக் கறையான் தின்றுவிட்டது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று மனைவி சந்திரகாந்தாவிடம் குதித்தார். படம் போன துக்கத்தைவிடத் தன் கெட்டிக்காரத்தனம் நிரூபணமான சந்தோஷம் அவருக்குப் பெரிதாக இருந்தது. அன்றே படத்தை மூன்று சீடியில் பதித்து மூன்று ஊருக்கு அனுப்பினார். பாஸ்வேர்ட் வேறு போட்டார். கல்யாணப் படத்தை எந்தத் திருடன் தேடி வரப்போகிறான் என்று சந்திரகாந்தா கேட்டாள்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு பின்னேரம் இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகியது. சுந்தரலிங்கம் பதறவே இல்லை. "இதுக்குத்தானே பெக்கப்!" என்று சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

பலாபத்வலயில் தம்பி முறையான அழகமுத்து ஆட்டோ ஓட்டினான். சீடி அதன் முன்கண்ணாடியில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. "செக்பொயின்ட்ல ஆமிக்காரன் என்னான்னு கேட்டாண்ணே. சாமிப் பாட்டுன்னேன், விட்டுட்டான்" என்றான் பெருமையாக. அதில் கீறல் விழாத இடமே இல்லை.

எல்கடுவவில் புஷ்பவதி அவரைச் சோளப் பாத்திக்கு அழைத்துப்போய்க் கம்பில் ஆடிய சீடியைக் காட்டினாள். "இதக் கட்டினதுக்கப்புறம் கிளிங்க பக்கத்துலயே வர்றதில்ல அத்தான்!" என்றாள். வெயிலும் மழையும் பட்டு அந்தச் சீடி வெளுத்துப்போயிருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூன்றாவதும் போயிருந்தால், சந்திரகாந்தாவை மணப்பெண்ணாகக் காட்ட இந்த உலகத்தில் ஒரு துண்டுப் படமும் இருக்காது. நாலந்தா பஸ்ஸில் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

நாலந்தாவில் அவருடைய கூட்டாளியான வியாபாரி நுஹ்மான், அலமாரியில் காணி உறுதிப் பத்திரத்துக்கு அடியிலிருந்து துணியில் சுற்றிய சீடியை எடுத்து நீட்டினார். "நம்பி அமானிதமா தந்த சாமானில்லயா? கை வைப்பேனா?" சுந்தரலிங்கத்துக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

கடைக்கு வந்து புதுக் கம்ப்யூட்டரில் சீடியைப் போட்டார். பாஸ்வேர்ட் கேட்டது.

"என்னாங்க போட்டீங்க?" என்றாள் சந்திரகாந்தா.

"நம்ம கல்யாண நாளு."

"அப்போ போடுங்களேன்."

விரல் நகரவில்லை. கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து கல்யாண நாளை மணியடித்து ஞாபகப்படுத்தியது அதுதான். இவர் போய்ச் சேலை வாங்கி வருவார், அவ்வளவே. இப்போது சொல்லித்தர அது உயிரோடு இல்லை. ஆவணியா, புரட்டாசியா?

சந்திரகாந்தா அவரை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். செப்டம்பர் நாலு, எண்பதாம் வருடம் என்று தட்டினாள். திறக்கவில்லை.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று அவர் தலையில் கை வைத்தார்.

அவள் நாலை அழித்துவிட்டு ஐந்து போட்டாள். திறந்தது. படத்தில் நெற்றிச்சுட்டியும் மிரண்ட கண்ணுமாக அவள் நின்றாள். பக்கத்தில் இவர், தலை நிறைய முடியோடு.

"அஞ்சா? ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணம் நாலாந் தேதிதாங்க. நீங்க சேல கொண்டாந்து குடுக்குறதுதான் அஞ்சாந் தேதி."

"இத்தன வருசமா ஏன் சொல்லல நீ?"

"ஆசையா வாங்கியார்ற மனுசன்கிட்ட என்னத்தச் சொல்றது?"

சுந்தரலிங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள்மேல் பொங்கி வந்த அன்பில் என்ன செய்வதென்று தெரியாமல் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "இப்பவே நாலுன்னு மாத்திடுறேன்."

"ஐயோ, கைய வைக்காதீங்க" என்றாள் சந்திரகாந்தா. "அப்புறம் இதுவும் தொறக்காது."