வெள்ளைக் கரை

ஓச்சியின் வீடு ஒக்கோனி ஆற்றுத் துறைக்கு மேலே இருந்தது. வீடு அவளுடையது, புருஷன்தான் வந்து ஒட்டிக்கொண்டவன். வெள்ளைக்காரர்கள் கிரீக் என்று பெயர் வைத்துத் தொலைத்த அந்த மஸ்கோகிப் பழங்குடி ஜனங்களிடம் அதுதான் வழக்கம். அவள் அப்பன் மான்தோல் வாங்க வந்த ஸ்காட்லாந்து வியாபாரி. ஆனாலும் அவளை யாரும் பாதி வெள்ளைக்காரி என்று சொன்னதில்லை. தாய் காற்றுக் குலம், ஆகவே மகளும் காற்றுக் குலம், பேச்சு முடிந்தது. அப்பன் வழியில் வந்ததெல்லாம் அவன் பாஷையும், துணியைத் தொட்டதும் தரம் சொல்லிவிடும் விரலும்தான்.

வாசலில் எந்நேரமும் ஒரு பானை மக்காச்சோளக் கஞ்சி இருக்கும். வருகிறவர் யாரானாலும் அகப்பையால் மொண்டு குடிக்கலாம். எதிர்க்கரையில் குடியேறிய வெள்ளைக்காரர்களும் குடித்திருக்கிறார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

அந்தக் கோடையில் அவள் தம்பி வோட்கோ எதிர்க்கரைக்குப் போய் இரண்டு குதிரைகளை ஓட்டிவந்தான். வீரமாம். இன்னொன்றுக்கு ஆசைப்பட்டு மறுபடி போனான், மாட்டிக்கொண்டான். தூக்கில் போடப்போவதாகச் செய்தி வந்தது.

இந்தக் கரையில் திருட்டு ஒன்றும் பெரிய விஷயமில்லை. புதுச்சோளத் திருவிழாவில் புது நெருப்பு மூட்டும்போது அந்த வருஷத்துக் குற்றமெல்லாம் கழிந்துபோகும். உயிரை எடுத்தது மட்டும் கழியாது. வோட்கோ செத்தால் குலம் பதிலுக்கு ஓர் உயிர் கேட்கும், அப்புறம் எதிர்க்கரைக்காரர்கள் கேட்பார்கள், ஆற்றின் இருபக்கமும் ஒரு கூரை மிஞ்சாது. ஓச்சி அவ்வளவு தூரமெல்லாம் யோசிக்கவில்லை. அவளுக்குத் தம்பி வேண்டும்.

ஊர்த்தலைவர் ஹோலத்தா அவளுடைய தாய்மாமன். அவரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தாள். குதிரைகளைத் தந்துவிடுகிறோம், பையனை உயிரோடு கூட்டிவாருங்கள் என்று சொல்லியனுப்பினாள்.

வந்தார்கள். முன்னால் குதிரைக்குச் சொந்தக்காரன் ஏபல் டன்வுடி, பின்னால் அவன் மைத்துனன், கயிற்றில் கட்டுண்டு வோட்கோ. டன்வுடி கையில் நீளமான கம்பு. அதன் உச்சியில் ரத்தச் சிவப்பில் துணி.

ஊர் இளைஞர்கள் பாய்ந்து துப்பாக்கிகளை எடுத்தார்கள். ஓச்சி ஓடிப்போய் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், பாதையை மறித்து நின்றாள்.

"யோவ் டன்வுடி, கம்புல என்னய்யா அது?"

"எம் பொண்டாட்டிக்கு எடுத்த துணிம்மா. ஒங்க தலைவருக்குக் குடுக்கலாம்னு. இருக்கறதுலயே நல்லது இதான். மானுன்னு நெனச்சு யாரும் சுட்டுறக் கூடாதேன்னு தூக்கிப் பிடிச்சேன்."

"நல்லா பிடிச்ச போ. செவப்பத் தூக்கிட்டு வந்தா இங்க சண்டைக்கு வர்றேன்னு அர்த்தம். சமாதானத்துக்கு வெள்ளை."

டன்வுடியின் முகம் வெளுத்துவிட்டது.

"இப்ப ஒம் மூஞ்சி இருக்கற நெறத்துல கொண்டாந்திருந்தா வேலை சுலபமா போயிருக்கும். கம்பைக் கீழ எறக்கு."

துணி கைக்கு வந்ததும் விரல்கள் தாமாக ஓரத்துக்குப் போயின. நல்ல கம்பளித் துணி. சாயம் போடுகிறவன் ஓரத்தில் விரலகலம் சாயம் ஏறாமல் விட்டிருந்தான். நீளம் முழுக்க வெள்ளைக் கரை. ஓச்சி இடுப்புக் கத்தியை எடுத்து அறுக்கத் தொடங்கினாள்.

"அய்யோ, எம் பொண்டாட்டி டார்க்கஸ் என்னைக் கொன்னுடுவா" என்று முனகினான் டன்வுடி.

"வரிசையில நில்லு. ஒன்னைக் கொல்ல இங்கயே நெறையப் பேரு."

சிவப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வெள்ளைக் கரையைக் கம்பில் கட்டி, தானே உயர்த்திப் பிடித்தபடி அவர்களை ஊருக்குள் கூட்டிப்போனாள். துப்பாக்கிகள் இன்னும் தாழவில்லை.

"செவப்பால்ல வந்துச்சு?" என்றார் மாமன்.

"வெள்ளையும் சேந்துதான் வந்துச்சு மாமா. ஓரத்துல இருந்துச்சு. ஆம்பளைங்க கண்ணுக்கு ஓரம் எப்பத் தெரிஞ்சிருக்கு?"

கிழவருக்கு உதடு துடித்தது, பிறகு சிரித்தேவிட்டார். "பாதை வெள்ளையாத்தான் இருக்கு. கயித்த அவுத்துவிடுங்க" என்றார். துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

வோட்கோ மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அக்காவிடம் வந்தான். "அக்கா, அந்த மூணாவது குதிரை இருக்கே..."

ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்க அழுதாள். குதிரைகளை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் டன்வுடி கஞ்சிப் பானையருகே போய் ஓர் அகப்பை குடித்தான். அன்று அவன் முகம் சுளிக்கவில்லை.

அந்த வெள்ளைக் கரை துறையோர மரத்தில் தொங்கியது. பார்த்தவர்கள் பயமில்லாமல் ஆற்றைக் கடந்தார்கள். திருவிழா முடிந்து, புது நெருப்பும் மூட்டியபின், ஒருநாள் எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரில் நடந்து வந்தாள்.

"எந் துணிய அறுத்தது நீதானா?"

ஓச்சி உள்ளே போய், மாமன் வேண்டாமென்று ஒதுக்கிய சிவப்புத் துணியை எடுத்துவந்து நீட்டினாள். டார்க்கஸ் வாங்கிக்கொண்டாள். ஆனால் பார்வை மரத்தின் மேலேயே இருந்தது. மழையும் தூசியும் பட்டு அந்தக் கரை பழுப்பேறிக் கிடந்தது.

"இதைப் போயி வெள்ளைன்னு எவன் நம்புவான்?" என்றாள். இடுப்பு முடிச்சிலிருந்து சோப்புக் கட்டி ஒன்றை எடுத்தாள். "நாங் காய்ச்சினது. எறக்கு, ரெண்டு பேருமா தொவைச்சுப் போட்டுடலாம்."