அவர் கண்ணுக்கு ஒரு கெளுத்தி

என் வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய மீன் வேண்டியிருந்தது. தின்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு. நாங்கள் மீன் தொடாத ஜனம். மட்டாஞ்சேரியில் பிறந்து, மட்டாஞ்சேரியிலேயே கல்யாணம் ஆகி, இத்தனை காலம் மீன் கூடைகளுக்கு நடுவில் நடந்தும் ஒரு துண்டு நாக்கில் பட்டதில்லை. ஆனாலும் எங்கள் கூடத்தில் நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அவர் வேலையை விட்ட வருஷம் ஆசைப்பட்டு வாங்கினது.

அவர் வேலை பார்த்தது மிளகுக் கிடங்கில். ஒரு பிடி மிளகைக் கையில் அள்ளிப் பார்த்தே எந்த மலையில் விளைந்தது, எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்லிவிடுவார். எனக்கு எழுத்து தெரியாது, அவருக்கு அந்தக் கண் இருந்தது. இரண்டு பேருக்கும் அதுவே போதுமாக இருந்தது. அந்தக் கண்ணில்தான் நோய் வந்தது. கண்ணுக்குள் அழுத்தமாம். டாக்டர் ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி என் கண்ணில் வைத்து, "இவ்வளவுதான் அவருக்குத் தெரியும், சுற்றி இருப்பதெல்லாம் போய்விட்டது" என்றார். நான் அந்தக் குழல் வழியாக டாக்டரின் மூக்கை மட்டும் பார்த்தேன். சிரிப்பு வந்தது, உடனே குழலைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் நாள் முழுக்கத் தொட்டி முன்னால்தான். அதில் இருந்த ஏழு பொன்மீன்களும் சின்னது, விருட் விருட்டென்று ஓடும். குழலுக்குள் ஒரு நிமிஷம் வரும், உடனே காணாமல் போய்விடும்.

"எங்கே போச்சு?"

"இடது பக்கம்."

"இடது பக்கம் ஒண்ணும் காணோமே?"

"இப்போ வலது பக்கம் வந்துடுத்து."

காலையில் காபி ஆற்றும்போது தொடங்கினால் விளக்கு வைக்கிற வரைக்கும் இதுதான். அடுப்பில் கடுகு வெடிக்கும், அங்கிருந்து "எங்கே போச்சு?" என்று குரல் வரும். கரண்டியும் கையுமாக ஓடுவேன். என் முட்டி இரண்டும் எத்தனை வருஷத்து முட்டி! ஒருநாள் பதிலே சொல்லாமல் அடுக்களையில் நின்றேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

களமசேரியில் இருக்கிற மகள் போனில், "பெரிய மீனா ஒண்ணு வாங்கி விடும்மா, அப்பாவுக்கு நன்னாத் தெரியும்" என்றாள். எனக்கும் சரியென்று பட்டது. கலூர்ப் பக்கம் ஒரு மீன் கடைக்கு நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். கடைச் சேட்டன் ஒரு கெளுத்தியைக் காட்டினார். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, வாலில் குங்குமம் தொட்ட மாதிரிச் சிவப்பு. மீசை வேறு.

"இது பாவமா, அம்மே. ஒண்ணும் செய்யில்லா" என்றார்.

பாவம், சாதுவான மீன் என்று நம்பித் தூக்கிக்கொண்டு வந்தேன். நாலே நாளில் பொன்மீன் ஏழும் போய்விட்டன. முதலில் எனக்குப் புரியவே இல்லை. தொட்டிக்குப் பின்னால் விழுந்துவிட்டதோ என்று விளக்குமாற்றை விட்டுத் துழாவினேன். கெளுத்தி மட்டும் வயிறு உப்பி, ஒரு மூலையில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாமா மாதிரிக் கிடந்தது.

அவர் கேட்டார், "மஞ்சள் ஒண்ணையும் காணோமே?"

"தூங்கறதாக்கும்."

"ஏழுமா?"

விளக்குமாற்றை மூலையில் சாத்தினேன். அவரே, "வெங்காயம் சேர்க்காத ஆத்துல வந்து நன்னா அசைவம் சாப்பிட்டிருக்கு" என்றார். சிரித்தாரா, வருத்தப்பட்டாரா என்று தெரியவில்லை. அந்தக் கெளுத்தியும் அவருக்கு உதவவில்லை. பெரிசுதான், ஆனால் அங்குமிங்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி "எங்கே போச்சு?"

எங்கள் தெருவில் மீன் விற்கிற ஒருத்தி இருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, பிழைப்புக்காக இங்கே வந்து பதினைந்து வருஷம் ஆயிற்று. எங்கள் வாசலில் கூவ மாட்டாள். கூடையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். அன்றைக்கு ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தவள் வாயில் கை வைத்தாள்.

"யாத்தே! மாமி, இத எவன் ஒங்க தலையில கட்டுனான்? வாயப் பாத்தியளா? ஒரு காதுல இருந்து இன்னொரு காது வரைக்கும் இருக்கு. வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் முழுங்கும். இன்னும் ஒரு வருசத்துல இதுக்கு ஒங்க தொட்டியே பத்தாது."

"எனக்கு எப்படித் தெரியும் அதெல்லாம்?"

"நான் எதுக்கு இருக்கேன்? ஞாயித்துக்கிழம கூடை காலியாவட்டும், நானும் வாரேன்."

அப்படித்தான் மீனே தொடாத நானும், மீனைத் தவிர வேறு எதையும் தொடாத அவளும், பெயிண்ட் வாளியில் அந்தச் சிவப்பு வாலை வைத்துக்கொண்டு ஆட்டோவில் கலூருக்குப் போனோம். பாலத்தில் வாளி ஒரு குலுங்கு குலுங்கி என் புடவை முழுக்கத் தண்ணீர். எனக்கு அப்பவே திரும்பிவிடலாம் போலிருந்தது. இந்த வயதில் எதற்கு இந்த அலைச்சல் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

கடையில் அவள் சேட்டனை ஒரு பிடி பிடித்தாள். அவர் மலையாளத்தில் சொல்ல, இவள் தமிழில் திருப்பிக் கொடுக்க, கடைசியில் அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "வேற எடுத்தோ அம்மே" என்று ஒதுங்கிவிட்டார். அப்புறம் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தோம். அவள் சந்தையில் பார்க்கிற மாதிரியே குனிந்து பார்த்தாள். "இதுல சதையே இல்ல மாமி." "அடியே, நான் குழம்பு வைக்கவா வந்தேன்?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரு தொட்டியில் வெள்ளைக் கெளுத்தி, சுறா மாதிரி வடிவம். பளபளவென்று மேலும் கீழும் நீந்தியது. அவள், "வாய் சின்னதுதான், ஆனா இது பயந்தாங்கொள்ளி. ஆள் நடந்தாலே கண்ணாடில மோதும்" என்றாள். எனக்கோ அதன் வெள்ளை பிடித்திருந்தது. வெள்ளையாக இருந்தால் அவருக்குத் தெரியுமே. வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போதுதான் டாக்டர் வைத்த காகிதக் குழல் ஞாபகம் வந்தது. கையில் காகிதம் இல்லை. விரல்களை மடக்கி, முஷ்டியின் நடுவில் ஒரு ஓட்டை விட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளை மீன் வந்தது, போய்விட்டது. திரும்ப வந்தது, போய்விட்டது. தேடித் தேடி எனக்குத் தலையே சுற்றியது. இதைத்தான் அவர் தினமும் செய்கிறாரா?

"என்ன மாமி, தூரத்துல கப்பல் தெரியுதா?" என்று அவள் கேலி செய்தாள். காரணத்தைச் சொன்னேன். அவளும் முஷ்டியைக் கண்ணில் வைத்தாள். கடை பூராவும் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நடந்தோம். சேட்டன் என்ன நினைத்தாரோ.

கடைசி வரிசையில் அவள் நின்றாள். "இங்க வாங்க. இது நகரவே இல்ல."

முக்கால் அடி நீளத்தில் ஒன்று, மஞ்சளும் வெள்ளையுமாக, கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. முதுகெல்லாம் பலாத்தோல் மாதிரி. பார்க்க லட்சணமே இல்லை. முஷ்டி வழியாகப் பார்த்தேன். இருந்தது. மூச்சு விட்டுவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் அங்கேயே இருந்தது.

"சக்கர். கண்ணாடில ஒட்டிக் கிடக்கும்" என்றார் சேட்டன். "கெளுத்தி ஜாதி தன்னே. பாசி தின்னும், வெள்ளரிக்கா தின்னும்."

"வாயி அடியில இருக்கு. யாரையும் முழுங்காது" என்று இவள் தீர்ப்புச் சொன்னாள். சைவ மீன்! நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

ஆனால் அது வீட்டுக்கு வந்ததும் தொட்டிக்குள் கிடந்த மரக்கட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். அவர் நாற்காலியில் உட்காருவார், ஒன்றும் கேட்க மாட்டார். ஏன் கேட்பார், அலுத்துப்போயிருக்கும். எனக்கும் அலுத்துவிட்டது. இனி ஒரு தடவை கலூருக்குப் போக என் காலில் தெம்பில்லை என்று அவரிடம் சொல்லியும் விட்டேன். "போறும் விடு" என்றார். அந்த வார்த்தை என்னை என்னவோ செய்தது. மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய் வில்லையை நூலில் கட்டி, அவர் நாற்காலிக்கு நேராகக் கண்ணாடியை ஒட்டித் தொங்கவிட்டேன். கடைசியாக ஒன்று செய்து பார்க்கலாமே என்றுதான்.

மறுநாள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"ஏய், இங்கே வா!"

ஓடினேன். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே, அந்தப் பக்கம், அது வில்லைக்குப் பக்கத்தில் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

"வாய் வட்டமாக்கும். உள்ளே சின்னச் சின்னப் பல், சீப்பு மாதிரி. வயிறு வெள்ளை, அதுல ஒரு பழுப்புப் புள்ளி இருக்கு, பாத்தியா? நீ பாத்திருக்க மாட்டாய்."

உண்மைதான், நான் பார்த்ததில்லை. குனிந்து பார்த்தேன். இருந்தது.

"செவுள் திறக்கறது... மூடறது... கண்ணை உருட்டறது, இதோ, இப்போ!"

சொல்லிக்கொண்டே போனார். மிளகைப் பார்த்துச் சொல்கிற அதே குரல். எனக்கு ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தேங்காய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவர் காலடியில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன், அப்புறம் சாய்ந்தேன். குளுகுளுவென்று இருந்தது. "கேக்கறயா?" என்றார். "ம்" என்றேன். இரண்டாவது தடவை கேட்டபோது "ம்" என்று சொன்னேனா, சொல்லவில்லையா, தெரியாது. தூங்கிவிட்டேன்.